மண்ணிறத் தோலுக்கு வெள்ளை கலக்காதீர்கள்: 75 மில்லிமீற்றர் சீவல் தொழிலாளிக்கு நிறம் தீட்டிய பதிவு

சிற்றுருவங்களுக்கு நிறம் தீட்டச் சொல்லித்தரும் காணொளிகளில் பெரும்பாலானவை வெளிறிய தோலுக்கானவை. கறுத்த தோலுக்கு என்ன செய்வது என்று தேடினால், மண்ணிறத்தை அடியில் பூசு, மேடான இடங்களுக்கு அதிலேயே கொஞ்சம் வெள்ளை கல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்து பார்த்தால் வாடைக்காற்று அடிக்கும் மாதத்தில் எண்ணெய் தடவாத முழங்கால் மாதிரி, உருவம் முழுக்கச் சாம்பல் பூத்துப்போய் நிற்கும். எங்கள் ஆட்களின் தோல் அப்படி இல்லை. வெயிலில் நிற்கும் ஒருவரின் தோளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாலே அது தெரியும். இந்தப் பதிவு முழுவதும் அந்தத் தோலைப் பற்றியதுதான். மற்ற வேலைகளையும் சொல்கிறேன், ஆனால் வேகமாக.

உருவம் மச்சான் செய்தது. பிளெண்டர் என்ற மென்பொருளில் அவனே செதுக்கி, கொழும்பில் ரெசினில் அச்செடுத்து அனுப்பினான். உயரம் 75 மில்லிமீற்றர். 54 மில்லிமீற்றர் உருவம் என்றால் ஏறக்குறைய 1/32 அளவு, 75 என்றால் 1/24. முகத்தில் வேலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு 75 நல்ல அளவு. கள் இறக்கப் பனை ஏறப் போகும் சீவல் தொழிலாளி ஒருவர் மரத்தடியில் நின்று, உச்சியில் ஓலைகள் கூடும் வட்டை அண்ணாந்து பார்க்கிறார். மடித்துக் கட்டிய சாரம், இடுப்பில் கத்திக்கூடு, தோளில், ஏறும்போது பாதங்களில் மாட்டும் தளைநார், காலடியில் கள் இறக்கும் மண் முட்டி இரண்டு. மேலே பார்க்கும் முகம் என்பதால் வெளிச்சம் நேரே முகத்தில் விழும், கண்குழிக்குள் இருட்டு அடையாது. நிறம் தீட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல நிலை கிடைக்காது.

ரெசின் அச்சில் முதலில் பார்க்க வேண்டியது பிசுபிசுப்பு. சரியாக இறுகாத ரெசினில் எந்தப் பெயின்றும் நிற்காது. பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல் துலக்கியும் போட்டுக் கழுவி, யாழ்ப்பாணத்து வெயிலில் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பி வைத்தால் போதும். ரெசினை இறுக்கும் புற ஊதாக் கதிர் எங்களுக்கு இலவசம். ஆனால் அதிகம் காயவிட்டால் தளைநார் போன்ற மெல்லிய பாகங்கள் முறுகி உடையும். அச்சைத் தாங்கி நின்ற கால்களின் தழும்புகளைத் தேய்க்க, கன்னாதிட்டிப் பக்கம் பொற்கொல்லர்களுக்கு விற்கும் ஊசி அரம்தான் நான் பாவிப்பது. சாமணமும் தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் அங்கேயே வாங்கலாம், பொழுதுபோக்குக் கடையைத் தேடி அலையத் தேவையில்லை. ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது.

வெட்டி எடுத்த தாங்கித் துண்டுகளை எறிய வேண்டாம். ஒவ்வொரு கலவையையும் முதலில் பூசிப் பார்க்க அவைதான் உதவும்.

பெயின்ற் ரொறன்ரோவில் இருக்கும் அக்கா கொண்டுவந்து தந்தது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் என்பதால் பயணப்பெட்டியில் வரும். ஸ்பிரே ரின் வராது, தீப்பற்றும் பொருள் என்று விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஆகவே பிரைமர் என்ற அடிப்பூச்சு மட்டும் உள்ளூரில், வாகனப் பெயின்ற் விற்கும் கடையில் வாங்கிய சாம்பல் நிற ஸ்பிரே. ரெசினை அது ஒன்றும் செய்யவில்லை. பிளாஸ்ரிக் உருவமென்றால் துண்டு ஒன்றில் அடித்துப் பார்த்துவிட்டே அடியுங்கள், சில வகைகள் பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும்.

ஸ்பிரே அடிக்கும் நேரம் முக்கியம். மாரி மழைக்காலத்தில், காற்று ஈரமாக இருக்கும்போது அடித்தால் மேலே வெண்படலம் பூக்கும். சோளகம் வீசும் மாதங்களில் நடுப்பகலில் அடித்தால் பெயின்ற் உருவத்தைச் சேரும் முன்னரே காற்றில் காய்ந்து, மேற்பரப்பு மணல் தொட்டதுபோல் சொரசொரப்பாகும். வெயில் ஏறுவதற்கு முன், காற்று எழும்பாத காலை நேரம்தான் சரி. ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெல்லிய பூச்சுகளாக, கையை நிறுத்தாமல் அசைத்து அடிக்க வேண்டும்.

இனித் தண்ணீர். வெளியூர்க்காரர் யாரும் எழுதாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினத்தண்ணீர், கேத்தலின் அடியில் படியும் வெள்ளையே அதற்குச் சாட்சி. பெயின்றைத் தடிப்பாகப் பூசினால் இது தெரியாது. ஆனால் ஒன்றுக்கு நாலு ஐந்து மடங்கு தண்ணீர் விட்டு, பள்ளங்களில் வழியவிடும் கரும்பூச்சு காயும்போது, ஓரங்களில் சுண்ணாம்பு வெள்ளை விளிம்பு கட்டும். வெளிறிய தோலில் அது ஒளிந்துவிடும். மண்ணிறத் தோலில் முகத்தில் அடித்த மாதிரித் தெரியும். எரிபொருள் நிலையத்தில் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கினால் பல மாதம் போகும். மழைத்தண்ணீரை வடித்து வைத்தாலும் சரி. தூரிகை கழுவ மட்டும் கிணற்றுத் தண்ணீர்.

பெயின்ற் காயாமல் வைத்திருக்க ஈரத்தட்டு கட்டாயம். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் நனைத்த பஞ்சு, அதன் மேல் கேக் வேகவைக்கும் கடதாசி. மெழுகு பூசிய தாள் சரிவராது, ஈரம் மேலே வராது. எங்கள் சித்திரை வெக்கையில் வெறும் ஓட்டுத்துண்டில் வைத்த சொட்டு நாலு கோடு இழுப்பதற்குள் தோல் கட்டிவிடும். தோல் நிறத்துக்கு ஐந்தாறு கலவைகளை ஒரே நேரத்தில் உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பதால் ஈரத்தட்டு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். பஞ்சை அடிக்கடி கழுவிக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து மணக்கும்.

தூரிகையில் ஒரே ஒரு புத்திமதி: மூன்று பூச்சிய இலக்கத் தூரிகையை வாங்காதீர்கள். 1 ஆம் இலக்கம், கூர் சேரும் நல்ல மயிர் என்றால் போதும். வயிறு உள்ள தூரிகை பெயின்றைப் பிடித்து வைத்திருக்கும், கூர் கண்ணுக்குள் போகும். மிகச் சிறிய தூரிகையில் பெயின்ற் முனையிலேயே காய்ந்துவிடும். விலை கூடிய கொலின்ஸ்கி தூரிகைகள் சைபீரிய மரநாய் வகையொன்றின் வால் மயிரில் செய்பவை. வின்சர் அன்ட் நியூற்றனின் ஏழாம் தொடர் தூரிகை 1866 இல் விக்ரோறியா மகாராணிக்காகச் செய்யத் தொடங்கியது, இன்னும் வருகிறது. என்னிடம் அது ஒன்று இருக்கிறது, முகத்துக்கு மட்டும் எடுப்பேன். மற்றதெல்லாம் பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் செயற்கை மயிர்.

கோயில் சிற்பங்களில் கண் திறப்பது கடைசியில். சிற்றுருவத்தில் நான் கண்ணை முதலில் முடிக்கிறேன். கண்ணில் கை வழுவினால் சுற்றிலும் தோல் இன்னும் பூசவில்லை, திருத்துவது சுலபம். 1/24 அளவில் கண்ணின் அகலம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட, கருவிழி அரை மில்லிமீற்றர். முதலில் கண்குழி முழுவதும் கடும் மண்ணிறம். அதற்குள், இரு ஓரத்திலும் அந்தக் கருமை மெல்லிசாகத் தெரிய விட்டு, வெண்விழி. வெண்விழிக்கு வெள்ளையை எடுக்கக்கூடாது. தந்த நிறத்தில் துளி சாம்பலும் துளி சிவப்பும் சேர்த்த கலவை, வெயிலில் உழைக்கும் மனிதரின் கண் அந்த நிறம்தான். கருவிழியைப் புள்ளியாக வைத்தால் ஆள் பயந்து விழிப்பதுபோல் இருக்கும். மேல் இமையிலிருந்து இறங்கும் சிறு கோடாக இழுத்து, மேலே பார்ப்பவர் என்பதால் பாதியை இமைக்குள் மறைய விட்டேன்.

சரி, தோல்.

வெளிச்சம் தோலில் பட்டால் இரண்டு வேலை நடக்கிறது. ஒரு பங்கு மேற்பரப்பிலிருந்தே தெறித்துத் திரும்புகிறது. மிச்சம் தோலுக்குள் போய்ச் சிதறி, நிறத்தோடு வெளியே வருகிறது. மேற்பரப்பில் தெறிக்கும் பங்கு யாருடைய தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே போனதைத்தான் மெலனின் விழுங்குகிறது. ஆகவே தோல் கறுக்கக் கறுக்க, உள்ளிருந்து வரும் ஒளி குறைந்து, மேலே தெறிக்கும் மினுக்கம் எடுப்பாகத் தெரிகிறது. வெளிறிய முகத்தின் வடிவத்தை நிழல் காட்டும், கறுத்த முகத்தின் வடிவத்தை மினுக்கம் காட்டும். வெள்ளை கலந்த, மினுக்கமில்லாத பெயின்ற் ஏன் தோற்கிறது என்பதற்கு இதுதான் காரணம்: நிறத்தை வெளிறச் செய்கிறது, மினுக்கத்தைத் தரவில்லை.

அடி நிறத்துக்கு வலேஹோ என்ற பெயின்ற் நிறுவனத்தின் பேர்ன்ற் அம்பர் (நிற இலக்கம் 70.941) இரண்டு பங்கு, கவல்ரி பிரவுன் (70.982) ஒரு பங்கு. இரண்டாவது செம்மண் சாயலுள்ளது, அது இல்லாமல் அம்பரை மட்டும் பூசினால் மரச்சிற்பமாகிவிடும். மெல்லிய பூச்சாக இரண்டு தரம். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அடிக்கலவையில் டார்க் பிரஷன் புளூ (70.899) ஒரு துளி சேர்த்தால் ஊதா ஓடும் ஓர் ஆழமான மண்ணிறம் வரும். அது அக்குளிலும் தாடையின் கீழும் விலா எலும்புகளுக்கு இடையிலும் முழங்காலின் பின்புறத்திலும். மேட்டுக்கு அடிக்கலவையில் ஒரேஞ் பிரவுன் (70.981) கூட்டிக் கூட்டிப் போக வேண்டும். கடைசிப் படியில் மட்டும் பீஜ் ரெட் (70.804) கொஞ்சம். அந்தக் கடைசிப் படி மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, தோளின் உச்சி, கழுத்தடி எலும்பு ஆகிய இடங்களைத் தாண்டக்கூடாது.

ஒவ்வொரு படியும் கண்ணாடிபோல் மெல்லிய பூச்சு. எவ்வளவு மெல்லியது என்று கேட்பவர்களுக்கு: பழைய பத்திரிகைத் தாளில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், அடியிலுள்ள எழுத்தை வாசிக்க முடிந்தால் சரி. வெறும் தண்ணீரால் இவ்வளவு இளக்கினால் பெயின்றின் பிடிமானம் போய்விடும், ஆகவே பாதிக்குப் பாதி கிளேஸ் மீடியம் என்ற நிறமில்லாத இளக்கி சேர்க்கிறேன். தூரிகையைத் தாளில் ஒற்றிவிட்டுத்தான் உருவத்தில் வைப்பது. இழுக்கும் திசை எப்போதும் வெளிச்சம் இருக்க வேண்டிய இடத்தை நோக்கி, ஏனென்றால் தூரிகை நிற்கும் இடத்தில்தான் நிறம் அதிகம் தங்கும்.

இவ்வளவும் முடிந்தபின் நீலம். திறந்த வானத்தின் கீழ் நிற்கும் கறுத்த மனிதரின் தோளின் மேற்பக்கத்தைப் பாருங்கள், மினுக்கம் மஞ்சளாக இருக்காது, வானத்தின் நிறம் அதில் இருக்கும். சாம்பல் கலந்த நீலத்தைக் கண்ணுக்குப் பட்டும் படாமலும் தோளின் உச்சியிலும் நெற்றியிலும் மட்டும் ஓடவிட்டேன். இந்த ஒரு பூச்சில் உருவம் அறைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது.

அப்புறம் சின்னச் சின்ன உண்மைகள். எங்கள் தோலில் முழங்கை, முழங்கால், விரல் மூட்டு எல்லாம் மற்ற இடத்தைவிடக் கறுப்பு. பாடங்களோ மூட்டுகளைச் சிவப்பாக்கு என்கின்றன. உள்ளங்கையும் நகமும் வெளிறியவை, உள்ளங்கை ரேகை கறுப்பு. மேலுதடு கடும் நிறம், கீழுதட்டின் நடுவில் ஒரு இளஞ்சிவப்பு. கண்ணுக்குக் கீழே ஊதா மண்ணிறம். இவையெல்லாம் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்தே பூசலாம், நான் என் இடது கையைப் பார்த்துப் பூசினேன். அதையும் விறாந்தையில், காலை வெளிச்சத்தில்தான் செய்ய வேண்டும். வெள்ளை எல்இடி குமிழின் கீழ் மண்ணிறம் சாம்பலாகத் தெரியும், அதைச் சரிக்கட்ட ஒரேஞ்சைக் கூட்டிவிடுவோம், காலையில் பார்த்தால் ஆள் செங்கல் நிறத்தில் நிற்பார்.

எங்கள் பின்வளவில் மரம் சீவ வரும் ஐயாவிடம் இந்தக் கட்டத்தில் உருவத்தைக் காட்டினேன். உருப்பெருக்கியை வாங்கிக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, உவர் இன்னும் மரத்தில ஏறேல்லை."

"ஏன் ஐயா?"

"கால் புதுசாக் கிடக்கு. நெஞ்சும் புதுசு. மரத்தைக் கட்டிப் பிடிச்சு ஏறுறவனுக்கு நெஞ்சும் உள்கையும் உரஞ்சி உரஞ்சித் தோல் தடிச்சுப் போயிருக்கும். இஞ்ச பார்."

தன் முன்னங்கையைத் திருப்பிக் காட்டினார். உட்பக்கம், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, தோல் தடித்து, மினுக்கம் செத்து, மரப்பட்டையின் சாம்பல் ஏறிய நிறம். நெஞ்சின் நடுவிலும் அதே. பாதத்தின் உள்விளிம்பில், தளைநார் இறுகும் இடத்தில், இன்னும் கடுமை. அந்தக் கையைப் படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

இந்த இடங்களுக்குத்தான் வெள்ளை சேர்ந்த மண்ணிறம் பொருத்தம். உடல் முழுவதும் பூசினால் பொய்யாகும் அந்தச் சாம்பல், காய்த்துப்போன தோலில் முழு உண்மை. அடிக்கலவையில் சாம்பல் நிறமும் துளி தந்த நிறமும் சேர்த்து, தூரிகையை ஏறக்குறைய உலரத் துடைத்து, பழைய தூரிகையின் நுனியால் புள்ளி புள்ளியாகக் குத்தினேன். ஓரங்களை மட்டும் அடிநிறத்தால் மெல்லக் கரைத்துவிட்டேன். முன்னங்கால் எலும்பில் மெல்லிய வெளிறிய கீறல்கள் சிலவும் போட்டேன். அடுத்த முறை அவர் வந்தபோது பார்த்துவிட்டு, "இப்ப ஏறியிருக்கிறார்" என்றார்.

சாரம் கட்டம் போட்டது, வெளிறிய நீலத்தில் அரக்குக் கோடு. ஒரு சென்ரிமீற்றர் கோடு இந்த அளவில் 0.4 மில்லிமீற்றர். நெடுங்கோடு எல்லாவற்றையும் முதலில், மடிப்புக்குள் இறங்கி ஏறுமாறு இழுத்து, பின்னர் குறுக்குக்கோடு, கடைசியில் இரண்டும் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் கடும் புள்ளி. நெசவில் நூல் மேல் நூல் வரும் இடம் இருண்டிருக்கும், அந்தப் புள்ளி இல்லாவிட்டால் துணி அச்சடித்த கடதாசியாகத் தெரியும். சாரத்தின் கட்டம் நெசவிலேயே வருவதால் இரு பக்கமும் ஒன்று. மடித்துக் கட்டிய பகுதியின் உட்பக்கத்திலும் அதே கட்டத்தைத் தொடர வேண்டும். மச்சான் செதுக்கிய மடிப்புகள் தெளிவாக இருந்தபடியால் கோடு வழிதவறவில்லை.

நெற்றியில் திருநீறு மூன்று குறி. உண்மைத் திருநீற்றையே தூளாக வைத்துப் பார்த்தேன், இந்த அளவுக்கு அதன் துணிக்கை பெரிது. பெயின்றே நன்றாக வந்தது: சாம்பல் கலந்த வெள்ளை, மிக இளக்கமாக, மூன்று கோட்டையும் ஒரு பக்கம் தொடங்கும்போது நிறைத்து மறுபக்கம் தேய விட்டேன். மூன்று விரல் ஒன்றாக இழுத்த தடம் அப்படித்தான் இருக்கும். வியர்வையில் நடுக்குறி கொஞ்சம் அழிந்திருக்கிறது.

பாளைக் கத்திக்கு உலோகப் பெயின்ற். அலகின் விளிம்பு மட்டும் பளிச்சென்று, மேல்பகுதி இருண்டு. உலோகப் பெயின்றுக்குத் தனிக் கோப்பைத் தண்ணீர், இல்லாவிட்டால் அந்த மினுக்கத் துகள் அடுத்து பூசும் எல்லாவற்றிலும் ஏறும். முட்டிகளில் ஒன்று கள்ளுக்கு, மற்றது கருப்பணி என்ற புளிக்காத இனிப்புப் பதநீருக்கு. கருப்பணி முட்டியின் உட்பக்கம் புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள், அதற்குத் தந்த நிறம், விளிம்பில் வழிந்த தடத்தோடு.

மரம் பழைய தும்புத்தடியின் கைப்பிடி. விட்டம் 22 மில்லிமீற்றர், 24 ஆல் பெருக்கினால் 53 சென்ரிமீற்றர், அடிமரத்துக்குச் சரியான பருமன். களிமண்போல் பிசைந்து இறுகும் எபொக்சி புட்டியை மெல்லிசாகச் சுற்றி, இறுகும் முன் பல் துலக்கியால் குத்தி, வளையங்களை ஊசியால் கீறினேன். பனைமரத்தைப் பழுப்பாகப் பூசாதீர்கள். அது கருஞ்சாம்பல், அதிலும் காலை வெயில் பட்ட பக்கம் வெள்ளிச் சாம்பல். அந்தக் குளிர்ந்த நிறத்தின் முன்னால்தான் தோலின் செம்மை எழும்பித் தெரிகிறது.

நிலம் வடமராட்சி மணல். கடல் மணலைக் கழுவாமல் ஒட்டினால் பிறகு உப்புப் பூக்கும், ஆகவே பல தண்ணீரில் அலசிக் காயவைத்து, பழைய வேட்டித் துண்டில் அரித்தேன். துணிக்குள்ளால் விழுந்த மாத்தூள்தான் இந்த அளவுக்கு மணல், துணியில் தங்கியது சரளைக்கல். மரப்பசையில் தண்ணீரும் ஒரு துளி பாத்திரத் திரவமும் கலந்து சொட்டினால் கலையாமல் ஊறிப் பிடிக்கும். தேங்காய்த் தும்பை அரை சென்ரிமீற்றராக நறுக்கி நட்டால் காய்ந்த புல்.

வார்னிஷ் தூரிகையால்தான், ஸ்பிரேயில் மறுபடியும் வெண்படலப் பயம். துணி, மரம், மணல், முட்டி எல்லாவற்றுக்கும் மினுக்கமில்லாத வார்னிஷ். தோலுக்கு சற்றின் என்ற அரை மினுக்க வார்னிஷ், காய்த்துப்போன இடங்களை விட்டுவிட்டு. கண்ணிலும் கீழுதட்டின் உட்பக்கத்திலும் முழு மினுக்கம், ஊசிமுனை அளவு. நெற்றிக்கும் தோளுக்கும் சற்றினை இன்னொரு தரம் ஓட்டினேன். உருவத்தை விரலில் பிடித்துத் திருப்பினால் அந்த மினுக்கம் எலும்போடு நகர வேண்டும், அதுதான் சோதனை. பெயின்றால் வரைந்த வெளிச்சம் நகராது, வார்னிஷின் வெளிச்சம் நகரும். இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போது தோல் தோலாகிறது.

கண்ணாடி வெட்டும் கடையில் சொல்லி ஒரு சிறு பெட்டி செய்வித்து, யன்னல் வெயில் படாத தட்டில் வைத்திருக்கிறேன். மச்சான் அடுத்து வெங்காயம் பிடுங்கும் தோட்டக்கார அம்மா ஒருவரைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். அவருடைய முகத்தில் மஞ்சள் பூசிய சாயல் வேண்டும், அதைத் தோலுக்குள் ஊறிய மஞ்சளாகக் காட்டவேண்டுமே தவிர மேலே தடவியதாகத் தெரியக்கூடாது. மஞ்சள் ஓக்கரை அடிக்கலவையோடு சேர்ப்பதா, கடைசிக் கண்ணாடிப் பூச்சாக ஓட்டுவதா என்று தாங்கித் துண்டுகளில் இரண்டு விதமாகவும் பூசிக் காயவைத்திருக்கிறேன். இதுவரை பார்த்ததில் கடைசிப் பூச்சே மேல்.